மூன்றாம் பிறைத் தண்ணீர்

மார்ச் 20, ஞாயிறு

காலையில் வெயில். மூன்று மணிக்குமேல் மழை. துணியை எடுக்க மறந்து திரும்பவும் அலசினேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் தைரியம். பல வருடமாக அண்ணியோடு பறவை பார்க்கப் போகிறேன். அந்தத் தூரக்கண்ணாடி வழியாக இன்றுவரை ஒரு பறவையைக்கூட நான் பார்த்ததில்லை. கண்ணில் வைத்தால் என் இமை மயிர்தான் தெரியும். லாலாங் புல் மாதிரி பெரிது பெரிதாக. அண்ணி, "தெரியுதா பாக்கியம்? வலது பக்கம், சிவப்புக் கால்" என்பார். நான், "ஆமா அண்ணி, என்னா அழகு!" என்பேன். ஒரு தடவை கண்ணாடியின் மூடியைக் கழற்றாமலே "என்னா அழகு" சொல்லிவிட்டேன். அண்ணி அதை வாங்கினார். மூடியை மெதுவாகக் கழற்றி, திரும்பவும் என் கையில் கொடுத்தார்.

அண்ணி என்றால் இவருடைய அக்கா சரோஜா. நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று சிரம்பான் டவுனில் தனியாக இருக்கிறார். மகள் மலர் கடல் தாண்டி பெர்த்தில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகு பிடித்த பைத்தியம் இந்தப் பறவை. துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார். நான் முறுக்குக்காகப் போனேன். பிறகு பழக்கமாகிவிட்டது.

இன்று மத்தியானம் போன்.

"டிக்கெட் போட்டாச்சு பாக்கியம். மூணாம் தேதி ராத்திரி. கொரோனாவுல ரெண்டு வருசம் தள்ளிப் போனது. மலர் இனிமே விடமாட்டேங்குறா."

"எப்போ அண்ணி திரும்பி வருவீங்க?"

"பார்க்கலாம்."

நர்ஸுகள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

போகும் முன் ஒரே ஒரு தடவை பறவை வரும் ஆற்றுவாய்க்குப் போக வேண்டுமாம். நாளும் அவரே சொன்னார். அமாவாசை கழித்து, இரண்டாம் தேதி சனிக்கிழமை. தண்ணீர் நன்றாக இருக்கும்.

சரி என்றேன். வைத்தபிறகு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் வெளியே. "யாரு?" என்று கேட்டது கால். "ராங் நம்பர்" என்றேன். கால் ஆடவில்லை. அரை மணி நேரம் யாரும் ராங் நம்பரோடு பேசமாட்டார்கள் என்று அந்தக் காலுக்கே தெரியும்.

அக்காவும் தம்பியும் பேசிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று இந்த எஸ்டேட் வீட்டு வரிசைக்கே, லயத்துக்கே தெரியும். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.


மார்ச் 22, செவ்வாய்

இரவு முழுக்க மழை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே முழங்கால் வரை சேறு. செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போனால் பழத்தைவிட இலையும் மண்ணும்தான் சாக்கில். வேலை வாங்கும் மண்டோர், "பாக்கியக்கா, எண்ணெய் ஆலைக்கா அனுப்புற, உரக்குழிக்கா?" என்றான். "உன் மூஞ்சிக்குப் பூசத் தம்பி" என்றேன்.

முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

சண்டையை எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

மலர் கல்யாணம். மாமியார் அப்போது உயிரோடு இல்லை. தாய்மாமன் இவர் ஒருவர்தான். மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். நான் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்விட்டேன், காய் நறுக்க. இவர் காலையில் மாலையோடு கிளம்பினார். எஸ்டேட் ரோட்டில் மழைச் சேற்றில் செம்பனைக் குலை லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. மோட்டார் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, மாலை நசுங்கக் கூடாது என்று தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தார். மண்டபத்தில் முகூர்த்த நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஐயர் ராகு காலம் வருகிறது என்று அவசரப்படுத்தினார். கோலா பிலாவிலிருந்து வந்திருந்த இவருடைய சித்தப்பா மகனும் மாமன் முறைதானே என்று அவனை மாலை போடச் சொல்லிவிட்டார்கள்.

இவர் உள்ளே வந்தபோது மலர் கழுத்தில் மாலை. இவர் கையில் மாலை. ஒரு நாற்காலியின் முதுகில் அதை மாட்டினார். திரும்பி நடந்தார். கை நனைக்காமல் போனார்.

என்னை விட்டுவிட்டு நடத்தினாள் என்று தம்பி. என் வீட்டு விசேஷத்தில் சாப்பிடாமல் போனான் என்று அக்கா. இரண்டுமே நியாயம்தான், அதுதான் கஷ்டம். ஒன்று அநியாயமாக இருந்திருந்தால் நானே ஒரு அறை கொடுத்து முடித்திருப்பேன்.


மார்ச் 23, புதன்

மேகம். மழை இல்லை.

தண்ணீர் விஷயம். முதலில் எனக்கும் புரியவில்லை. போன வருடம் ஒரு நாள் லீவு கிடைத்தது என்று தண்ணீரைக் கேட்காமல் போனோம். கடல் எங்கேயோ போய்க் கிடந்தது. சேறு, சேறு, சேறு. அதன் கடைசியில் எள்ளு சிந்தின மாதிரி பறவைகள். முறுக்கு முழுவதையும் தின்றுவிட்டு வந்தோம். தண்ணீர் ஏற ஏறத்தான் அதுகள் நம் பக்கம் தள்ளப்பட்டு நடந்து வரும். முழுக்க ஏறிவிட்டால் நிற்க இடம் இல்லாமல் எழுந்து வேறு இடம் போய்விடும். நடுவில் உள்ள நேரம்தான் நமக்கு.

அதோடு மாதமும் சரியாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னே வரும், சித்திரைக்கு முன்னே போகும். குளிர் நாட்டுக்காரர்கள். போகிற நேரத்தில் தின்று கொழுத்து, சட்டை மாற்றிக்கொள்ளும். இத்தனை நாளும் சாம்பல் நிறம், கிளம்பும்போது செங்கல் சிவப்பு. நம் ஆட்கள் ஏர்போர்ட்டுக்குப் புதுச்சட்டை போட்டுப் போகிற மாதிரி.

நான் வைத்த பெயர்கள்: ஆபீஸ் குமாஸ்தா மாதிரி, வளைந்த நீள மூக்கு உள்ளது கிராணி. ஓடி ஓடி நிற்பது மண்டோர். ஒற்றைக் காலில் தூங்குவது இவர். அண்ணி இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வார், நான் இதைச் சொல்வேன். இப்போது அண்ணிக்கும் இது தொற்றிவிட்டது. "அந்தப் பக்கம் ரெண்டு கிராணி" என்று அவரே சொல்கிறார்.

இரவு உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு நாள்காட்டியைப் புரட்டினேன். மளிகைக் கடையில் கொடுத்தது, தமிழ்நாட்டில் அச்சடித்தது. இரண்டாம் தேதி, சனி. பங்குனி வளர்பிறை துவிதியை, மூன்றாம் பிறை.

மாமியார் திதி.

அப்படியே நின்றேன். திதி நிலாவைப் பார்த்து வருகிறது. தண்ணீரும் நிலாவைப் பார்த்து வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு வருடமும் மாமியார் திதிக்கு இதே தண்ணீர்தான் வந்திருக்கிறது, இதே நேரத்தில், இதே உயரத்துக்கு. ஒவ்வொரு வருடமும் பி.டி. பக்கத்து சி ரூசா கடலில் இவர் இடுப்பளவில் நிற்கிறார், நான் செம்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிறேன். ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லை.

அண்ணி தண்ணீரைப் பார்த்து இந்த நாளைச் சொன்னாரா? அம்மாவைப் பார்த்துச் சொன்னாரா? கேட்டால் 'தண்ணி நல்லா இருக்கும்' என்பார். நர்ஸ்.

உருளைக்கிழங்கு குழைந்துவிட்டது. உப்பு போட்டுக் கூழ் மாதிரி பரிமாறினேன். இவர் தின்று முடித்தார்.


மார்ச் 24, வியாழன்

சின்ன மழை.

திட்டம்: அண்ணி பறவைக்கு வருவார். இவர் திதிக்கு வருவார். ஒரே கரை, ஒரே தண்ணீர். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மட்டும் மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

சாப்பிடும்போது இவரிடம்: "ஏங்க, இந்த வருசம் சி ரூசா கடற்கரை வேணாம். சனிக்கிழமை கூட்டம் வரும். அதைத் தாண்டி ஆத்துவாய் இருக்கே, அங்க அமைதியா இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாங்க."

"யாரு?"

"ஆள்."

இவர் மோர் ஊற்றிக்கொண்டார். "சேறா இருக்குமே."

"டிராக்டர் ஓட்டுறவருக்குச் சேறு என்னாங்க."

மோரைக் குடித்து முடித்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இதுதான் சம்மதம்.


மார்ச் 27, ஞாயிறு

நல்ல வெயில். பஸ் பிடித்து சிரம்பான், அண்ணி வீட்டுக்கு, சாமான் கட்ட.

வீட்டில் பாதி காலி. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக. எனக்குக் கொடுத்தவை: இட்லிச் சட்டி, இரண்டு தலையணை உறை, ஒரு மழைக்குடை (கம்பி ஒன்று வளைந்தது), தையல் மெஷின் (பிறகு ஆள் அனுப்பி எடுக்க வேண்டும்).

அண்ணி தம்பியைப் பற்றி நேராகக் கேட்கமாட்டார். வழக்கப்படி சுற்றிக்கொண்டு வந்தார்.

"உங்க லாபு பக்கம் மழை ஜாஸ்தியாமே."

"ஆமா அண்ணி."

"மழையில நின்னா சளி பிடிக்கும், வயசானவங்களுக்கு."

"பிடிச்சுது அண்ணி. இப்போ பரவால்ல."

"சர்க்கரை இருக்கிறவங்க காலைப் பார்த்துக்கணும். சேத்துல நிக்கிறவங்க."

"தினமும் கழுவித் தைலம் போடுறேன் அண்ணி. போட விடாம உதைக்குது, ஆனா போடுறேன்."

சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியில் துணியை அடுக்கினார். ஒரே சேலையை மூன்று தடவை மடித்தார்.

சுற்றி வளைப்பது எனக்கு ஒத்துவராது. கேட்டுவிட்டேன். "அண்ணி, போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிட்டுப் போகலாம்ல?"

"அவன் போன் நம்பர் மாறலையே? என் நம்பரும் மாறல."

"ரெண்டு பேரும் இப்படியே சொன்னா?"

"நான் பெரியவ பாக்கியம். நான் போய் நிக்கணுமா?"

இவரைக் கேட்டால் 'நான் தாய்மாமன், நான் போய் நிக்கணுமா' என்பார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வாய், ஒரே பதில். மாமியார் அச்சில் வார்த்தது.

பஸ்ஸில் யோசனை. பெர்த் என்ன பக்கத்திலா? அண்ணிக்கு அறுபத்து மூன்று. இவருக்குச் சர்க்கரை. பேசாமல் பிரிந்தால் அடுத்து எப்போது? யாராவது ஒருவர் படுத்தபிறகா? அப்போது வந்து அழுவதற்கு நான் மைக் பிடித்து நிற்கமாட்டேன்.

இட்லிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போயிற்று.


மார்ச் 30, புதன்

புழுக்கம். சாயங்காலம் இடி மட்டும்.

எல்லாம் போச்சு.

இவர் கோயிலில் பண்டாரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். "சனிக்கிழமை இல்லை, ஞாயித்துக்கிழமைதான் திதி. கடைக் காலண்டர் அந்த ஊர் நேரம். அங்க சனி மத்தியானம் துவிதியை பிறக்குது. நம்ம ஊர்ல அப்ப ரெண்டரை மணி, திதி கொடுக்கிற பொழுது தாண்டிடும், ஞாயிறுதான் செய்யணும்னுட்டாரு."

சனிக்கிழமை அண்ணி பறவை பார்த்துவிட்டுப் போவார். ஞாயிறு இவர் போய்த் தனியாக நிற்பார். அன்று இரவு விமானம். ஒரு நாள் வித்தியாசம். கல்யாணத்தில் அரை மணி நேரம், இப்போது ஒரு நாள்.

அந்தக் காலண்டரைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினேன். பிறகு பால்காரர் கணக்கு அதில்தான் இருக்கிறது என்று திரும்பவும் மாற்றினேன்.

அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, சனிக்கிழமை மழையாம். ஞாயிறு வச்சுக்கலாமா?"

"மழையா? யாரு சொன்னது?"

"ரேடியோவுல."

ராத்திரி விமானத்தை வைத்துக்கொண்டு காலையில் சேற்றில் போய் உட்காரச் சொல்கிறேன். 'பைத்தியமா உனக்கு' என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"சரி. ஞாயிறு ஒம்போது மணிக்கு மேலதான் தண்ணி ஏறி முடியும். எட்டுக்குள்ள வந்துடு" என்றார். வைத்துவிட்டார்.

ஒரு கேள்வி இல்லை. மலர், டிக்கெட், பெட்டி, வீட்டுச் சாவி, ஒன்றையும் இழுக்கவில்லை. அவர் வீட்டில் தொங்குவது இந்த ஊரில் அச்சடித்த காலண்டர், அதில் திதி ஞாயிறாகத்தான் இருக்கும் என்று படுக்கப் போகும்போது ஞாபகம் வந்தது.

என்னை யார் ஏமாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.


ஏப்ரல் 1, வெள்ளி

அமாவாசை. காலை மழை, வேலை பாதி நாள். கறி இல்லை, மீன் இல்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். ஜன்னலை மூடி வைத்தேன். இவர் திறந்தார்.


ஏப்ரல் 2, சனி

வானம் வெளிச்சம். ஒரு சொட்டு மழை இல்லை. நல்ல ரேடியோ.

வாங்கியது: எள்ளு, பச்சரிசி, தர்ப்பை, வாழை இலை, தைலம்.

இவர் சாயங்காலம் சட்டையை இஸ்திரி போட்டார். நீல நிறச் சட்டை. திதிக்கு மேலுடம்பில் சட்டை இல்லாமல்தான் நிற்க வேண்டும். எதற்கு இஸ்திரி என்று கேட்டேன். "சுருங்கி இருக்கு" என்றார். போன வருடமும் சுருங்கித்தான் இருந்தது.

படுத்தபிறகு, இருட்டில்: "தண்ணி எத்தனை மணிக்காம்?"

"ஒம்போது."

"ம்."

இத்தனை வருடத்தில் இவர் தண்ணீர் நேரம் கேட்டதே இல்லை. சிரிப்பு வந்தது, தலையணையைக் கடித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு போய் பயம் வந்தது. நாளைக்கும் இரண்டு பேரும் பேசாமல் திரும்பினால், அதை வேடிக்கையாகச் சொல்ல என்னாலும் முடியாது.


ஏப்ரல் 3, ஞாயிறு

மழை இல்லை. விடியும்போது கடல் பக்கம் மட்டும் கறுப்பு, பிறகு அதுவும் கலைந்தது.

நோன்பு முதல் நாள். சி ரூசா கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. இவர் விரதம். மலாய்க்காரர்கள் நோன்பு. ஒன்றுமே இல்லாத நான்தான் பசியில் கண் இருண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றுவாய். அண்ணி முன்னமே வந்து, வரம்புமேல் மடக்கு நாற்காலியில், தொப்பி போட்டு, சேற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. இவர் காரை நிறுத்தினார். முதுகைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. இஸ்திரிச் சட்டையைக் கழற்றி, மடித்து, சீட்டில் வைத்தார். எள்ளையும் இலையையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஒரு லயத்து நீளம் தள்ளிப்போய்த் தண்ணீரில் இறங்கினார்.

நான் நடுவில் நின்றேன். பழகின இடம்.

பிறகு அண்ணியிடம் போனேன். திரும்பாமலே கேட்டார்: "கரை போட்ட வேட்டியா, வெறும் வெள்ளையா?"

"யார் வேட்டி அண்ணி?"

"வேட்டி கட்டிட்டு வந்தது யாரு, நீயா?"

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாலில் ஆடை தள்ளுகிற மாதிரி மெல்ல. அதன் முன்னே அதுகள் நடந்து வந்தன. குத்திக் குத்தித் தின்றுகொண்டே. சின்னது பெரியது எல்லாம் கலந்து, வரிவரியாக. கண்ணாடி தேவையில்லை. கிராணிகள் நான்கைந்து பேர் தனியாக, மரியாதையாக. முக்கால்வாசி சிவப்பு. காலை வெயில் பட்டு இன்னும் சிவப்பு.

"சட்டை மாத்திருச்சு பாரு" என்றார் அண்ணி. "இன்னும் பத்து நாள்ல ஒண்ணும் இருக்காது இங்க." உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் கிட்டே வரும் என்றார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். நானும். இவரை மறந்தே போனேன்.

இவர் அந்தப் பக்கம் எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டத்தைக் கரைத்து, இலையில் சோறு வைத்து வரம்புமேல் ஏறி நின்றிருக்கிறார். காக்காய் எடுக்க வேண்டும். அந்தக் கரையில் காக்காய்க்குப் பஞ்சமே கிடையாது. மீன் குடல் கொட்டும் இடம். ஆனால் நோன்பு முதல் நாள் என்று மீன்காரர்கள் வரவில்லை. மீன்காரர்கள் வரவில்லை என்று காக்காய்களும் வரவில்லை.

"கா! கா! கா!"

டிராக்டர் சத்தத்துக்குமேல் கத்திப் பழகின குரல். கூடவே கைதட்டல்.

சேறு முழுவதும் ஒரே வீச்சில் எழுந்தது. சிவப்பு, திரும்பினால் வெள்ளை, திரும்பினால் சிவப்பு. விசில் சத்தம் காதை அடைத்தது. ஆற்றைத் தாண்டி, சதுப்பு மரங்களுக்குமேல் ஒரு வளைவு, அவ்வளவுதான். வெறும் தண்ணீர்.

அண்ணி எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"டேய் கணேசா! வாயை மூடுறா!"

எதிர்க்கரையில் பட்டுத் திரும்பி வந்தது: மூடுறா.

பத்து வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. நான் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், 'எப்படிடா இருக்க' மாதிரி.

இவர் தட்டின கையைப் பிரிக்காமலே நின்றார். "அம்மாவுக்குச் சோறு வச்சிருக்கேன்க்கா!"

"வச்சா? காக்கா என்ன செவிடா?"

"வரலையேக்கா!"

"உன் தொண்டையைக் கேட்டா எது வரும்? கடைசியா ஒரு தடவை பார்க்கலாம்னு வந்தேன், எல்லாத்தையும் ஓட்டிட்டான்! இனிமே எங்க வரும்? சேறு மூடிடும்!"

சொல்லிக்கொண்டே அண்ணி பையைத் தூக்கினார். காரைப் பார்த்து நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. வரம்பு வழியே இவரை நோக்கி நடந்தார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

படையல் கிட்டே வந்ததும் காலில் இருந்த சப்பாத்தை வரம்புக்குக் கீழே கழற்றி வைத்தார். பையிலிருந்து அடுக்குக் கேரியர். வாழைக்காய், பாகற்காய், பூசணி, உளுந்து வடை. வெங்காயம் பூண்டு இல்லாமல். பறவை பார்க்கக் கிளம்புகிறவர் யாரும் விடியற்காலையில் எழுந்து பாகற்காய் வறுத்துக்கொண்டு போவதில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

இலையில் எல்லாம் வைத்தார். காக்காய் எடுக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. மூன்று பேரும் வரம்புமேல் உட்கார்ந்தோம். இந்தத் தடவை நான் ஓரத்தில்.

பிறகு இவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு:

"என்னை விட்டுட்டு மாலை போட்டீங்கல்ல."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தாங்கடா. நான் வாசலைப் பார்த்துட்டு இருந்தேன்."

"நடந்து வந்தேன்க்கா."

"தெரியும். வேட்டியெல்லாம் சேறு, பார்த்தேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் பின்னாலேயே ஓடி வந்தேன், சாப்பிட்டுப் போடான்னு கூப்பிட. பட்டுச்சேலையில ரோட்டு வரைக்கும் வந்தேன். நீ திரும்பல."

இவர் திரும்பிப் பார்த்தார். இது எனக்கும் புதிது. நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். லாரி, மழை, ராகு காலம், எல்லாவற்றையும் இத்தனை வருடம் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இதை யாரும் என்னிடம் கொடுக்கவே இல்லை.

"கூப்பிட்டியாக்கா?"

"உனக்குக் கேக்காது. டிராக்டர் காது."

ஒரு காக்காய் வந்தது. ஒன்றே ஒன்று, எங்கிருந்தோ. இலையைச் சுற்றி நடந்தது. சோற்றைப் பார்த்தது, பாகற்காயைப் பார்த்தது. வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அம்மாதான்" என்றார் இவர்.

"சந்தேகமே இல்ல" என்றார் அண்ணி. "பாகற்காயைத் தொடல பாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரே மாதிரி, தோள் மட்டும் குலுங்க. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. பசி மயக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

அண்ணி தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்தார், இவர் கை கழுவினார். சாப்பிட்டார். இரண்டாவது வாயில் நிறுத்தினார்.

"வாழைக்காய்ல உப்பு கம்மி."

"பத்து வருசம் கழிச்சு வந்து உப்பு கேக்குறான் பாரு பாக்கியம்!"

"இதைச் சொல்லாம வேற எதைச் சொல்றதுக்கா..."

"சர்க்கரைக்காரனுக்கு உப்பும் கம்மியாத்தான் இருக்கணும். தின்னு."

பிறகு ஏர்போர்ட் சண்டை. அண்ணி வாடகைக் கார் சொல்லி வைத்துவிட்டாராம்.

"அதைக் கேன்சல் பண்ணு. நான் கொண்டாந்து விடுறேன்."

"உன் காடி வழியில நிக்கும்."

"நிக்காது லா."

"எட்டு மணிக்குக் கிளம்பணும்."

"ஆறுக்கே வந்து வாசல்ல நிக்கிறேன். போதுமா?"

அண்ணி இன்னொரு வடையை இவர் இலையில் போட்டார்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்ததில் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் நேரத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர் உட்பட. மூன்று ஜோடியும் வரம்புக்குக் கீழே கழற்றி வைத்திருந்தோம். அண்ணியுடையது விமானத்துக்கு என்று வாங்கின புதுச் சப்பாத்து, பழக்குவதற்காக இன்று போட்டு வந்தாராம். பார்க்கும்போது அந்த இடத்தில் கடல் இருந்தது. கரையோரம் நடந்து தேடினோம். ஒன்று கிடைத்தது. பச்சை நிறம், இடது கால். எங்களுடையது இல்லை. இவர் அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினார்.